மணிவலையில் யார் யார்? எகிப்திய மம்மிகளின் காவல் தெய்வங்களை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

நீல மணிகளை மீன்வலை போலக் கோத்த ஒரு போர்வை. நெஞ்சுப் பகுதியில் சிறகு விரித்த வண்டு ஒன்று. அதற்குக் கீழே சுண்டுவிரல் நீளத்தில் நான்கு உருவங்கள். எகிப்தியப் பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் துழாவினால் இப்படி ஒரு படம் சீக்கிரமே கண்ணில் படும். நான்கு உருவங்களில் ஒன்றுக்கு நரித்தலை இருக்கும். பார்த்த உடனே "அட, அனுபிஸ்!" என்று சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். பிறகு உட்கார்ந்து அத்தனையையும் அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. அது அனுபிஸ் இல்லை, துவாமுடெஃப். அனுபிஸ் பிணத்தைப் பதப்படுத்தும் தெய்வம். துவாமுடெஃபுக்கு வேறு வேலை, இரைப்பையைக் காப்பது.

அந்தத் தவறிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே விதியைத்தான் இங்கே விரித்துச் சொல்லப்போகிறேன்: தலையைக் கடைசியில் பாருங்கள். எகிப்தியர்கள் ஒரே விலங்குத் தலையைப் பல தெய்வங்களுக்கு வைத்தார்கள். தலையை வைத்து ஆளைச் சொன்னால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும். துளை, இடம், உடம்பு, அப்புறம் தலை. இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் சரியாக வரும்.

முதலில், கையில் இருப்பது என்ன?

எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த மணிவேலைகளில் மூன்று வகை தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஒன்று, அகன்ற கழுத்தணி. எகிப்திய மொழியில் 'வெசெக்'. வரிவரியாக மணி கோத்து, அரைவட்டமாக மார்பை மூடும். இரண்டு முனையிலும் பட்டையான முனைத்துண்டு இருக்கும். அது வெறும் அரைவட்டமாக இருக்கலாம், வல்லூறின் தலையாகவும் இருக்கலாம். உயிரோடு இருந்தவர்களும் இதை அணிந்தார்கள். பிணத்துக்கென்றே செய்ததும் உண்டு.

இரண்டாவது, மணிவலை. நீளமான குழாய் மணிகளைச் சாய்சதுரக் கட்டங்களாகக் கோத்து, மூலைகள் சந்திக்கும் இடத்தில் பொடி மணி வைத்து, துணி சுற்றிய மம்மியின் மேல் தோளிலிருந்து கணுக்கால் வரை போர்த்துவது. இது பழங்காலத்து வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. மணிவலை பரவியது 25ஆம் வம்சத்தின் காலத்தில், அதாவது கி.மு. எட்டாம், ஏழாம் நூற்றாண்டுகளில். இளம் மன்னன் தூத்தங்காமன் செத்து அதற்குள் சுமார் அறுநூறு ஆண்டு ஆகிவிட்டது. 26ஆம் வம்சத்திலும் (கி.மு. 664–525) அதற்குப் பின்னும் மணிவலை ஏராளம். பழைய அரசுக் காலத்தில், பிரமிடு கட்டிய தலைமுறைகளிலேயே, பெண்களுக்கு மணிவலை உடை இருந்தது உண்மைதான். பாஸ்டனிலும் லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்திலும் அப்படி ஒவ்வொன்று இருக்கிறது. ஆனால் அது உடுப்பு. அதில் காவல் தெய்வங்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது, மணிச்சித்திரம். கடுகு போன்ற வட்ட மணிகளை நெருக்கமாகக் கோத்து அதிலேயே முகமும் தெய்வமும் வண்டும் வரைவது. வலையோடு சேர்ந்தே வரும். மம்மியின் முகத்துக்கு நேராக மணியிலேயே ஒரு முகம் செய்து வைப்பதும் உண்டு. பச்சை முகம், கறுப்புப் புருவம், விரித்த கண். முதன்முறை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் பகீரென்றுதான் இருக்கும்.

மணிகள் பெரும்பாலும் ஃபயான்ஸ் என்ற பொருள். பார்க்கப் பீங்கான் போலிருந்தாலும் களிமண் இல்லை. வெள்ளைக் கல்லையோ மணலையோ பொடித்து, சுண்ணாம்பும் நேட்ரான் என்ற சோடா உப்போ செடிச்சாம்பலோ சேர்த்து, நிறத்துக்குச் செம்பு கலந்து பிசைவது. காயும்போது உப்பு மேலே பூத்து வரும். சூளையில் வைத்தால் அந்த உப்பே உருகிப் பளபளப்பாகிவிடும். தனியாக மெருகு பூசத் தேவையில்லை. எகிப்தியர்கள் இதற்கு வைத்த பெயருக்கே 'பளிச்சிடுவது' என்றுதான் பொருள். அந்த நீலமும் பச்சையும் அவர்களுக்கு வானம், தண்ணீர், முளைக்கும் பயிர், மறுபிறப்பு. மணிவலைக்கே இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். இறந்தோர் உலகின் தெய்வமான ஓசிரிஸின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வலை என்பது ஒன்று. இறந்தவர்மேல் கவிந்திருக்கும் வானம் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். எகிப்தியர்களுக்கு அதில் சிக்கல் இருந்ததாகத் தெரியவில்லை.

வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், ஈமப்பெட்டியின் மேலேயும் துணி அட்டை உறையின் மேலேயும் மணிவலையைச் சாயத்தில் வரைந்துகொண்டார்கள். அங்கேயும் இதே தெய்வங்கள், இதே இடங்களில். ஆகவே கீழே சொல்வது அதற்கும் பொருந்தும்.

படி 1: துளையைப் பாருங்கள்

தனியாக ஒரு உருவம் மட்டும் கிடைத்தால் (படமாகத்தான், வாங்குவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன்), முதல் கேள்வி: நூல் எங்கே நுழைந்தது?

தலைக்கு மேலேயோ முதுகிலோ ஒரு சிறு வளையம் இருந்தால் அது சரத்தில் தொங்கிய தாயத்து. கழுத்தில் கட்டியது, அல்லது துணிச் சுற்றுக்குள் வைத்தது. அதற்கு மாறாக, உருவம் தட்டையாக, பின்புறம் வழுவழுவென்று வெறுமையாக, விளிம்பில் மேலும் கீழும் சிறு துளைகளோடு இருந்தால், அதை வலையிலோ மேல்துணியிலோ தைத்திருக்கிறார்கள். வல்லூறுத் தெய்வமான ஹோரஸின் நான்கு மைந்தர்களும் (தொடக்கத்தில் பார்த்த அந்த நான்கு உருவங்கள்) சிறகு வண்டும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

பெரிய வண்டு என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. வண்டு தனி, இரண்டு சிறகும் தனி, மூன்றிலும் தைக்கத் துளை. இப்படி இருந்தால் அது மார்புச் சிறகு வண்டு. சிறகு இல்லாமல், கனத்த கல்லில், அடிவயிறு முழுக்க எழுத்தோடு இருந்தால் அது இதய வண்டு. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இதய வண்டின் அடியில் பொறிப்பது 'இறந்தோர் நூல்' என்று நாம் சொல்லும் தொகுப்பின் 30பி மந்திரம். தீர்ப்பு மண்டபத்தில் இதயத்தைத் தராசில் வைக்கும்போது, "என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே" என்று கெஞ்சுவதுதான் அதன் சாரம். சொந்த இதயத்தின் மேலேயே அவ்வளவு சந்தேகம். சிறகு வண்டுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அது கெப்ரி, விடியற்காலைச் சூரியன். சாணத்தை உருட்டிக்கொண்டு போகும் வண்டைப் பார்த்து, சூரியனையும் யாரோ இப்படித்தான் உருட்டுகிறார்கள் என்று யோசித்தவர்களின் தெய்வம்.

படி 2: உடம்பில் எந்த இடம்?

வலை முழுதாக இருந்தால் இதுதான் நல்ல துப்பு. கழுத்தணிக்குக் கீழே, நெஞ்சின் குறுக்கே சிறகு விரித்திருப்பது வண்டாகவோ பெண் தெய்வமாகவோ இருக்கும். அதற்குக் கீழே வயிற்றுப் பக்கம், இரண்டு இரண்டாகவோ ஒரே வரிசையாகவோ நிற்கும் நான்கு சிறு உருவங்கள் ஹோரஸின் மைந்தர்கள். பெரும்பாலும் நடுவை நோக்கித் திரும்பி, எதிரெதிராக நிற்பார்கள். கால் பக்கமாக எழுத்து வரிசை இறங்கினால் அதில் இறந்தவரின் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு.

அவர்கள் வயிற்றில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பதப்படுத்துகிறவர்கள் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகிய நான்கையும் வெளியே எடுத்தார்கள். நெடுங்காலம் அவற்றை நான்கு ஜாடிகளில் வைத்தார்கள். ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு மைந்தன் காவல். 21ஆம் வம்சத்தில் (கி.மு. 11, 10ஆம் நூற்றாண்டுகள்) பழக்கம் மாறியது. உறுப்புகளைப் பொட்டலம் கட்டி உடம்புக்குள்ளேயே திரும்ப வைத்து, பொட்டலத்தோடு மைந்தர்களின் மெழுகு உருவங்களையும் வைத்தார்கள். ஜாடியோ பழக்கதோஷத்தில் தொடர்ந்தது. உள்ளே குடையாத போலி ஜாடிகள்கூடச் செய்தார்கள். இந்தக் கதையின் அடுத்த கட்டம்தான் வலைமேல் நிற்கும் ஃபயான்ஸ் உருவங்கள். காவல்காரர்கள் ஜாடியை விட்டு இறங்கி, வயிற்றின் மேலேயே வந்து நின்றுவிட்டார்கள்.

படி 3: தலையை விரலால் மறைத்துவிட்டு உடம்பைப் பாருங்கள்

கட்டை விரலைத் திரைமேல் வைத்துத் தலையை மறையுங்கள். இப்போது உடம்பு என்ன சொல்கிறது?

கை கால் தெரியாமல் துணி சுற்றிய பொட்டலம் போல நின்றால், நான்கு மைந்தர்களில் ஒருவர் என்பது முதல் ஊகம். ஓசிரிஸும் இதே போலத்தான் நிற்பார், ஆனால் அவர் கையில் வளைகோலும் சாட்டையும் துணிக்கு வெளியே தெரியும், தலையில் உயர்ந்த மகுடம் இருக்கும். இடுப்பு வேட்டியோடு ஒரு கால் முன்வைத்து நடந்தால் மைந்தர் இல்லை. அனுபிஸ், ஹோரஸ், அறிவுத் தெய்வமான தோத் என்று வேறு யாராவது. விலங்கு முழு உருவத்தில், ஒரு பெட்டிமேல் படுத்திருந்தால் அனுபிஸ். மண்டியிட்டு, இரண்டு கைகளிலும் சிறகு விரித்த பெண் என்றால் நூட், ஐசிஸ், நெஃப்திஸ், மாஅத் நால்வரில் ஒருவர். பறவை உடம்பில் மனிதத் தலை என்றால் அது தெய்வமே இல்லை. 'பா' எனப்படும் இறந்தவரின் உயிர்ப்பறவை.

இந்த ஒரு படியிலேயே என் பழைய நோட்டிலிருந்த 'அனுபிஸ்'களில் பெரும்பாலானவர்கள் காலி.

படி 4: இப்போது தலை

நான்கு மைந்தர்களோடு கொஞ்சம் தங்கியே ஆக வேண்டும். இவர்களைப் பிரித்தறியத் தெரிந்தால் மணிவலையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

இம்செட்டிக்கு மனிதத் தலை, காப்பது ஈரலை. ஹாப்பிக்கு பபூன் குரங்கின் தலை, காப்பது நுரையீரல். துவாமுடெஃபுக்கு நரித்தலை, இரைப்பை அவர் பொறுப்பு. கெபேசெனுஃபுக்கு வல்லூறுத் தலை, அவருக்குக் குடல். இவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு பெண் தெய்வம் துணை நிற்கிறாள். முறையே ஐசிஸ், நெஃப்திஸ், நெய்த், செர்கெத். திசையும் உண்டு: தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாலு படம் பார்த்தால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் எங்கும் எழுதியிருக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அச்சில் அழுத்தி எடுத்து, சுட்டு, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு மண்ணில் கிடந்த நாலு சென்டிமீட்டர் உருவத்தில் முகம் என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்போது நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: காது நிமிர்ந்து நிற்கிறதா? நின்றால் நரி. காது இல்லை, மூக்கு கீழே வளைந்து கூராக முடிகிறது, தலை உருண்டை என்றால் வல்லூறு. காது நிமிரவில்லை, ஆனால் மூஞ்சி மட்டும் முன்னால் நீண்டு முனை மழுங்கியிருக்கிறது, முகத்தைச் சுற்றிப் பிடரிமயிர் தொப்பி போலக் கவிந்திருக்கிறது என்றால் பபூன். எதுவும் துருத்தவில்லை, தட்டையான முகம், சிலசமயம் தாடி என்றால் இம்செட்டி. நான்கு பேரும் நீண்ட பொய்முடி அணிந்திருப்பதால் முடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கவாட்டுக் கோட்டைப் பாருங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் அந்தக் கோடு இன்னும் துலங்கும்.

நரி என்று பழக்கத்தில் சொல்கிறோம். ஆப்பிரிக்காவின் அந்த விலங்கை இப்போது விலங்கியலாளர்கள் ஓநாய்க் குடும்பத்தோடு நெருக்கமாகச் சேர்க்கிறார்கள். நமக்கு நரியே போதும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது காலம். 18ஆம் வம்சத்தின் பெரும்பகுதி வரை உறுப்பு ஜாடிகளின் மூடிகளில் நான்குமே மனிதத் தலைகள்தான். விலங்குத் தலைகள் பிறகுதான் நிலைத்தன. தூத்தங்காமனின் உறுப்புப் பெட்டியில்கூட நான்கும் மனித முகங்களே. மணிவலைகள் அதற்குப் பின்னால் வந்தவை என்பதால் அங்கே பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஜாடிப் படத்தையும் வலைப் படத்தையும் சேர்த்து வைத்து ஒப்பிடும்போது இது நினைவில் இருக்க வேண்டும். இரண்டாவது, எகிப்தியர்களே குழம்பியிருக்கிறார்கள். மூன்றாம் இடைக்காலத்து (21 முதல் 25ஆம் வம்சம் வரை) பொருள்கள் சிலவற்றில் துவாமுடெஃபுக்கு வல்லூறுத் தலையும் கெபேசெனுஃபுக்கு நரித்தலையுமாக மாறிக் கிடக்கும். பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் பெயரை நம்புங்கள், தலையை அல்ல. பெயர் இல்லாவிட்டால் 'நரித்தலை மைந்தன்' என்று எழுதி நிறுத்திக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. நுரையீரல் காக்கும் ஹாப்பி வேறு, நைல் வெள்ளத்தின் தெய்வமான ஹாபி வேறு. நைல் தெய்வம் தொந்தியும் தொங்கும் மார்பும் கொண்ட மனித உருவம், தலையில் நீர்ச்செடிக் கொத்து. இணையத் தேடலில் இரண்டும் ஒன்றாக வந்து விழும்.

மைந்தர்கள் அல்லாத அதே தலைக்காரர்களைப் பிரிக்கத் தலைமேல் இருப்பதைப் பாருங்கள். வல்லூறின் தலையில் சூரியத் தட்டு இருந்தால் ரா, இரட்டை மகுடம் இருந்தால் ஹோரஸ். பபூன் உட்கார்ந்து, தலையில் பிறையும் நிலாத் தட்டும் சுமந்தால் தோத். மைந்தர்கள் வெறுந்தலையோடு, பொய்முடி மட்டும் போட்டு நிற்பதே வழக்கம்.

சிறகு விரித்த பெண்ணுக்கும் இதே வழி. தலைமேல் சிறு உருண்டைப் பானை என்றால் நூட், வானத்தாய். அந்தப் பானைதான் அவள் பெயரை எழுதும் எழுத்து. நாற்காலி போன்ற அரியணை என்றால் ஐசிஸ், ஒற்றை இறகு என்றால் மாஅத், வீட்டுக் கட்டத்தின் மேல் கூடை என்றால் நெஃப்திஸ். வெறும் சூரியத் தட்டு மட்டும் என்றால் அவசரப்படக் கூடாது. மார்பின் குறுக்கே இருந்தால் நூட் என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகம் என்றே எழுத வேண்டும். ஐசிஸும் நெஃப்திஸும் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வருவார்கள். ஒருத்தியை உறுதி செய்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. நேராக நம்மைப் பார்த்து, நாக்கைத் துருத்தி, சிங்கப் பிடரியோடு நிற்கும் குள்ளர் பெஸ். கர்ப்பிணி வயிற்றோடு எழுந்து நிற்கும் நீர்யானை தவேரெத். இருவரும் வீட்டுக்கும் பிரசவத்துக்கும் காவல். சரத்தாயத்தாக ஏராளமாகக் கிடைப்பார்கள், மணிவலையின் வழக்கமான கூட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. குறுக்குப் பட்டைகள் உள்ள தூண் ஓசிரிஸின் முதுகெலும்பு. கைகள் தாழ்ந்த முடிச்சு ஐசிஸுடையது. புருவமும் கண்ணீர்க் கோடும் உள்ள கண் ஹோரஸுடையது. இவை உருவங்கள் இல்லையென்றாலும் அந்தந்தத் தெய்வம் ஆஜர் என்றே பொருள்.

படி 5: மணிச்சித்திரம் என்றால் தள்ளி நின்று பாருங்கள்

அச்சில் செய்த உருவத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மணியில் நெய்த உருவத்தைச் சிறிதாக்கிப் பார்க்க வேண்டும். புள்ளிக் கோலத்தைக் குனிந்து பார்த்தால் புள்ளிதான் தெரியும், நிமிர்ந்தால்தான் மயில் தெரியும். அதே கதைதான். படத்தைக் கால்பங்காகச் சுருக்குங்கள். கறுப்பு மணிகள் எல்லைக்கோடு வரைகின்றன என்பது உடனே தெரியும். அந்தக் கோட்டை மட்டும் ஒரு தாளில் பென்சிலால் வரைந்துகொண்டால் நரிக்காதும் பொய்முடியும் வெளியே வந்துவிடும்.

நிறத்தை நம்பி ஆளைச் சொல்லாதீர்கள். செம்பு தரும் நீலம் மண்ணில் கிடந்து பச்சையாகும், பழுப்பாகும், வெளுத்தும் போகும். இன்று பச்சை முகமாக இருப்பது அன்று நீல முகமாகவே இருந்திருக்கலாம்.

படி 6: இதைக் கோத்தது யார்?

புதிதாக வருகிறவர்கள் கேட்கவே கேட்காத கேள்வி இது. எனக்கு இருப்பதிலேயே முக்கியமானதும் இதுதான்.

மணி அழியாது, நூல் அழியும். ஆளிச்செடி நாரில் திரித்த நூல் மக்கிப்போய், மம்மியைத் தொட்டதும் மணிகள் பொலபொலவென்று உதிரும். அகழாய்வாளர்கள் இதற்குப் பல வழி பார்த்தார்கள். தூத்தங்காமனின் கல்லறையில் மணிவேலைப் பொருள்கள்மேல் உருக்கிய பாரஃபின் மெழுகை ஊற்றி, இறுகிய பிறகு அப்படியே தூக்கினார்கள். 1880களின் கடைசியில் எகிப்தின் ஹவாராவில் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, ஹோருஜா என்பவரின் மம்மியில் தாயத்துகள் எந்த இடத்தில் இருந்தன என்பதையே குறித்து வைத்தார். அப்படிக் குறிப்பு இருக்கும் பொருள் தங்கம். ஆனால் அதே காலத்தில் வியாபாரிகள் உதிர்ந்த மணிகளைப் பொறுக்கி, புது நூலில் கோத்து, சுற்றுலா வந்தவர்களுக்கு மாலையாக விற்றார்கள். மணி நிஜமாகவே பழையது, மாலை நேற்றையது. நாலு வெவ்வேறு கல்லறைகளின் தெய்வங்கள் ஒரே சரத்தில் தொங்கும்.

இதைக் கண்டுபிடிக்க என்னிடம் இருக்கும் சோதனைகள் எளியவை. நான்கு மைந்தர்களும் ஒரே உயரமா, ஒரே நிறமா? ஒரே கைவேலை என்றால் பொருந்தும். மூன்று பேர் நீலமாக, ஒருவர் மட்டும் பச்சையாக, ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் அவர் விருந்தாளி. நரித்தலை இரண்டு, பபூன் இல்லை என்றால் யாரோ பெட்டியில் கையில் கிடைத்ததைக் கோத்திருக்கிறார்கள். எல்லோரும் நடுவுக்கு முதுகு காட்டி வெளியே பார்த்து நின்றாலும் சந்தேகப்படலாம். விளிம்புத் துளைகள் சும்மா கிடக்க, இடுப்பைச் சுற்றி நூல் கட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கடைசியாக அருங்காட்சியகக் குறிப்பைப் படியுங்கள். நேர்மையான குறிப்பில் 'நவீன நூலில் மீண்டும் கோக்கப்பட்டது' என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்தால் படி 2ஐ, அதாவது இடத்தை வைத்து முடிவு செய்வதை, ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் நம்புங்கள்.

ஒன்றைச் சேர்ந்து பார்ப்போம்

கெய்ரோவுக்குத் தெற்கே சக்காராவில் ஆழமான குழிக் கல்லறை ஒன்றில் கிடைத்த ஹெகாஎம்சாஃபின் வலையை எடுத்துக்கொள்வோம். மன்னர் அமாசிஸ் காலத்தில் (கி.மு. 570–526) அரச கப்பல்களின் மேற்பார்வையாளராக இருந்தவர். வலை இப்போது கெய்ரோவில். சாதாரண ஃபயான்ஸ் வலை இல்லை. தங்கமும் நீலக்கல்லும் பச்சைக்கல்லும் கலந்த வலை, மேலே தங்க முகமூடி.

துளையை இங்கே பார்க்க வேண்டாம், வலை முழுதாக இருக்கிறது. இடம்: முகமூடிக்குக் கீழே வரிவரியாக அகன்ற கழுத்தணி, அதன் இரு முனையிலும் வல்லூறுத் தலை. இங்கேயே ஒரு நிறுத்தம். இந்த வல்லூறு கெபேசெனுஃப் இல்லை. கழுத்தணியின் முனைத்துண்டாக வரும் வல்லூறு ஹோரஸ் வகையைச் சேர்ந்த காவல், மைந்தர் வரிசையில் அதை எண்ணக் கூடாது. அதற்குக் கீழே, மார்பின் குறுக்கே சிறகு விரித்து மண்டியிட்ட பெண். உடம்பும் இடமும் நூட் என்கின்றன. அவளுக்குக் கீழே நடுவில் எழுத்து வரிசை இறங்குகிறது, இருபுறமும் தங்கத் தகட்டில் துணி சுற்றிய உருவங்கள். எண்ணினால் நான்கு. கட்டை விரலை எடுத்துவிட்டு இப்போது தலைகளைப் பார்க்கலாம்: மனிதன், பபூன், நரி, வல்லூறு. கணக்குச் சரி. எல்லாம் ஒரே தகட்டு வேலை, ஒரே கை. விருந்தாளி யாரும் இல்லை.

தலையிலிருந்து தொடங்கியிருந்தால் கழுத்தணியையும் சேர்த்து மூன்று வல்லூறு எண்ணிவிட்டு முழித்துக்கொண்டிருப்போம்.

எழுதி வைப்பது, வாங்குவது

குறிப்பு எழுதும்போது பார்த்ததை ஒரு வரியிலும் முடிவை அடுத்த வரியிலும் எழுதுங்கள். 'தட்டை உருவம், பின்புறம் வெறுமை, மேலும் கீழும் துளை, துணி சுற்றிய உடம்பு, நிமிர்ந்த காது, இடப்பக்கம் நோக்கியது' என்பது ஒரு வரி. 'துவாமுடெஃப், பெரும்பாலும்' என்பது அடுத்த வரி. நாளைக்கு முடிவு தப்பென்று தெரிந்தால் இரண்டாவது வரியை மட்டும் அடித்தால் போதும். என் பழைய நோட்டில் 'அனுபிஸ்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருந்ததால் ஒவ்வொரு படத்தையும் திரும்பத் தேட வேண்டி வந்தது. அந்த அலுப்பு உங்களுக்கு வேண்டாம்.

வாங்குவது பற்றி என் கருத்து ஒற்றைச் சொல்தான்: வேண்டாம். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு எகிப்திலிருந்து தொல்பொருளை வெளியே கொண்டுபோக முடியாது. இணையத்தில் 'மம்மி மணி' என்று மலிவாக விற்பது போலியாக இருக்கலாம். நிஜமாக இருந்தால் அதைவிட மோசம், யாரோ ஒருவருடைய உடம்பின் மேலிருந்து உருவியது அது.

படம் பார்க்கக் காசு வேண்டாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை இல்லாத தன் பொருள்களின் படங்களை யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டிருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியம், பெட்ரி, இத்தாலியின் டூரின் எகிப்திய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் தேடுபெட்டி உண்டு. 'பீட் நெட்' (bead net), 'சன்ஸ் ஆஃப் ஹோரஸ்' (sons of Horus) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பத்துப் படம் எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகக் குறிப்பைப் படிக்காமல், கட்டை விரலால் தலையை மறைத்துத் தொடங்குங்கள். ஐந்தாவது படத்துக்குள் உடம்பைப் பார்த்தே 'மைந்தர்' என்று சொல்லிவிடுவீர்கள். பபூனுக்கும் நரிக்கும் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.